டிம்ப்னா நின்ற கடவு

கில்ஹூலி வீட்டில் ஒரு பிள்ளை எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று கேட்டால் வயதைச் சொல்லமாட்டார்கள். எந்தக் கடவில் நிற்கிறது என்று சொல்வார்கள்.

கடவு என்றால் வேறொன்றுமில்லை. டப்ளினுக்கு மேற்கே எங்கள் லீட்ரிம் பக்கம் வயலுக்கு வயல் கல்சுவரும் முள்வேலியும்தான். அதில் மாடு போகவர ஒரு திறப்பு விட்டிருப்போம். சாதாரண நாளில் பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தையோ நாலு முள்கிளையையோ வைத்து அதை அடைத்திருக்கும். மாட்டை மொத்தமாக ஓட்டிவரும் நாளில் ஆளுக்கொரு கடவில் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம். கையிரண்டையும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாடு அந்தப் பக்கம் திரும்பினால் கத்தி மடக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று வாயால் சொல்லிவிட்டேன். கால் டன் எடையுள்ள ஒன்று தலையைக் குனிந்து வரும்போது நகராமல் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் ஃபின்டன், பதின்மூன்று வயது. அவனுக்கு ரோட்டுக் கடவு. அதுதான் இருப்பதிலேயே பெரிய பொறுப்பு. அங்கே தவறினால் மாடு தார் ரோட்டில் ஏறிப் பக்கத்து ஊர்வரை போய்விடும். அடுத்தவன் கஹல், பத்து வயது. அவனுக்குக் கிணற்றுக் கடவு. கடைசிப் பெண் டிம்ப்னா, ஏழு வயது. அவளுக்குக் கடவு கிடையாது.

வேலை இல்லாமலில்லை. கோழிக்கூட்டில் முட்டை எடுப்பாள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியை அடுப்புக்குக் கொண்டுவருவாள். கன்றுகளுக்கு வாளியில் பால் காட்டுவாள். விரலைக் கன்றின் வாயில் கொடுத்து, அப்படியே மெதுவாகக் கையைப் பாலுக்குள் இறக்கிக் குடிக்கப் பழக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் குரல் மட்டும் வராது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கத்தத் தெரியாத பிள்ளையை எந்தக் கடவில் நிறுத்துவது?

"இவ நின்னா மாடு பாட்டுக்கு வந்து, 'கொஞ்சம் தள்ளிக்கோம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிரும்" என்பான் கஹல்.

எழுபத்து மூன்றாம் வருஷம், செப்டம்பர் கடைசி. அன்றைக்கு மாட்டுப் பரிசோதனை. மாட்டு டாக்டர் வந்து ஒவ்வொன்றின் கழுத்திலும் மயிரைக் கத்தரித்து, இரண்டு ஊசி போட்டுவிட்டு, ஆறு மணி அடித்ததும் அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் வந்து தடவிப் பார்ப்பார். தடித்திருந்தால் காசநோய். பரிசோதனைக்கு ஒரு கன்றுகூடக் குறையக்கூடாது. ஒன்று குறைந்தாலும் மொத்தப் பட்டியும் பூட்டுத்தான். ஒரு குளம்புகூட அந்த வீட்டு வாசலைத் தாண்டி விற்பனைக்குப் போக முடியாது. அந்த வருஷம் கோடையெல்லாம் மழை. வைக்கோல் பாதி அழுகிவிட்டது. அக்டோபர் சந்தையில் கன்றுகளை விற்காவிட்டால் குளிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் போடத் தீவனம் இல்லை. இது பிள்ளைகளுக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது.

நான் அப்போது கல்யாணமாகிப் பக்கத்துப் பண்ணைக்கு வந்து ஆறு மாதம். பரிசோதனை நாள் என்றால் அண்டை வீட்டார் உதவிக்குப் போகும் வழக்கம். விடிந்ததும் போய்விட்டேன். சமையலறையில் கோல்மன் கில்ஹூலி நின்றபடியே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பள்ளிக்கூடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை; போகவேண்டாம் என்று எல்லாருக்கும் தெரியும். டீச்சரும் கேட்கமாட்டார். அவர் வீட்டு மாட்டுக்கும் ஒரு நாள் பரிசோதனை வருமே.

டிம்ப்னா கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு, கஹலின் பழைய ரப்பர் பூட்ஸில் முழங்கால்வரை புதைந்து, அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு கடவு வேணும்."

"என்னது?"

"கடவு."

ஃபின்டன் சிரித்தான். கோல்மன் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் பாப்போம், கண்ணு."

"போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னீங்க."

"ஆமா, நீ சொன்னே கோல்மன்" என்றாள் அடுப்படியிலிருந்து பிலோமினா, அந்த வீட்டு அம்மா. "என் காதால கேட்டேன்."

கோல்மன் பிடரியைச் சொறிந்தார். நல்ல மனுஷர், பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. ஆனால் பரிசோதனை நாளில் விளையாட்டும் ஆகாது. யோசித்துவிட்டு, "சரி. சதுப்புக் கடவு உனக்கு" என்றார்.

கஹல் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சதுப்புக் கடவுக்கு எந்த மாடும் போகாது. அது தாழ்வயலின் கோடியில், மேட்டுக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம். மாடுகள் மேல்வயலிலிருந்து சந்து வழியாக நேரே பட்டிக்கு வரும். வழியில் கிணற்றுக் கடவு இருக்கிறது. அதில் கஹல் நிற்கிறான். அவனைத் தாண்டினால்தான் தாழ்வயல். தாழ்வயலைத் தாண்டினால்தான் டிம்ப்னா. அந்தக் கடவை அடைத்திருந்த கட்டில் சட்டத்தைக்கூடக் கோல்மன் முதல் நாளே பிடுங்கிக்கொண்டு வந்து பட்டி வாசலில் கட்டியிருந்தார். அங்கே எது வரப்போகிறது என்ற தைரியம்.

டிம்ப்னாவுக்கு இது எதுவும் தெரியாதா என்றால் தெரியும். இருந்தாலும் கடவு கடவுதான்.

பதினோரு மணிக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினார். "பின்னாடி சதுப்பு. குழியெல்லாம் தண்ணி. மாடு உள்ள போச்சுன்னா கழுத்துவரைக்கும் இறங்கிரும், எடுக்க முடியாது. நான் வந்து சொல்ற வரைக்கும் இந்த இடத்த விட்டு நகரக்கூடாது. சரியா?"

"நீங்க வந்து சொல்ற வரைக்கும்" என்றாள் டிம்ப்னா.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. மேல்வயலில் கோல்மனும் என் வீட்டுக்காரரும் தொப்பியைக் கழற்றி மூவேளைச் செபம் சொன்னார்கள். செபம் முடிந்த கையோடு மாடுகளை எழுப்பிக் கிளப்பினார்கள். நாயைக் கட்டிப் போட்டிருந்தது, செவலைக் கிடாரிக்காக.

அந்தச் செவலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு வயது. பார்க்க அழகு, தலை நிமிர்ந்த நடை. ஆனால் நாயைக் கண்டால் ஆகாது, தடியைக் கண்டால் ஆகாது, சத்தம் கேட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு சுவர் தாண்டும். போன பரிசோதனையில் மாட்டு டாக்டரின் தொப்பியை மிதித்துச் சேற்றில் அழுத்திய புண்ணியவதி அதுதான்.

மாடுகள் சந்தில் இறங்கின. நான் வைக்கோல் களத்து வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். வரிசையாக வந்தன, கிழவிப் பசு முன்னால், கன்றுகள் பின்னால், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. பட்டிக்குள் நுழைந்ததும் இரும்புச் சட்டத்தை இழுத்துக் கட்டிவிட்டுக் கோல்மன் எண்ணினார். இருபத்தேழு. மறுபடி எண்ணினார். இருபத்தேழு. செவலை இல்லை.

"எங்கடா போச்சு? கஹல், உன் பக்கம் வந்துச்சா?"

கஹல் கிணற்றுக் கடவில் கல்லாட்டம் நின்றிருந்தான். "இல்லப்பா. மேல ரோட்டுப் பக்கம் சுவரத் தாண்டிச்சு. நான் பாத்தேன்."

"நான் பாக்கலையே" என்றான் ஃபின்டன்.

"நீ எதத்தான் பாத்திருக்க."

அதற்குள் மாட்டு டாக்டர் மெக்டியர்னன் காரில் வந்து இறங்கிவிட்டார். ரப்பர் அங்கியை மாட்டிக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். "இருக்கிறதுக்கு ஊசியப் போடறேன், கோல்மன். ஆனா ஆறு மணி அடிச்சா கிளம்பிருவேன், அடுத்த பண்ணையில காத்திருக்காங்க. இருபத்தேழுன்னு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் டாக்டர்."

அவர் ஊசி போட, மற்றவர்கள் எல்லாரும் ரோட்டுப் பக்கம் தேடப் போனோம். மேலே இரண்டு மைல், கீழே இரண்டு மைல். தபால்காரரை நிறுத்திக் கேட்டோம். பால் வண்டிக்காரரைக் கேட்டோம். ஒருவரும் பார்க்கவில்லை. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு நனைந்த கோழிகளாகத் திரும்பினோம். என் வீட்டுக்காரர் எங்கள் மாட்டைக் கறக்க வீட்டுக்குப் போய்விட்டார்.

மாட்டு டாக்டருக்கு விருந்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம். மாடு தொலைந்தாலும் விருந்து தப்பாது. பிலோமினா முன்னறையில் நல்ல தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். உப்பிட்ட பன்றிக்கறி, முட்டைக்கோஸ், தோலோடு அவித்த உருளைக்கிழங்கு. எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் கிழங்கைப் பரிமாறிக்கொண்டே வந்தேன். ஒரு தட்டு மிஞ்சியது.

"இது யாருக்கு?"

பிலோமினா திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த குழம்புக் கிண்ணத்தை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"டிம்ப்னா எங்க?"

"உன்கூட இல்ல?" என்றார் கோல்மன்.

"உன்கூடத்தான போனா."

மாட்டை இரண்டு தரம் எண்ணியவர்கள்தான் நாங்கள். பிள்ளைகளை ஒருவரும் எண்ணவில்லை. மாடு பட்டிக்குள் வந்ததும் பிள்ளைகள் கடவை விட்டுத் தாமே ஓடிவந்துவிடும், எப்போதும் அப்படித்தான். யாரும் போய்க் கூப்பிடுவதில்லை. அந்த வழக்கத்தை அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. நான் வந்து சொல்ற வரைக்கும் என்று சொன்ன மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"சதுப்புக் கடவுல."

"அப்ப அங்கதான் இருப்பா" என்றான் ஃபின்டன். "அங்க எதுவும் வராதே."

அப்போதுதான் கஹல் அழ ஆரம்பித்தான். அவன் அழுவதற்காக வாயைத் திறந்தபோது எல்லாரும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தோம். நாக்கு, உதடு, பல்லெல்லாம் கருநீலம்.

எங்கள் ஊர் வேலிகளில் செப்டம்பரில் பிளாக்பெரி கருகருவென்று பழுத்துத் தொங்கும். தேவதூதர் மிக்கேலின் திருநாள் கழிந்தால் தின்னக்கூடாது, சாத்தான் அதில் துப்பிவிடுவான் என்பார்கள். திருநாளுக்கு இன்னும் நாலே நாள். கஹல் கடவில் நின்றபடி கைக்கு எட்டியதைத் தின்றிருக்கிறான். பிறகு எட்டாதது இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. பத்தே அடிதான் நகர்ந்தான்.

"செவலை... என் கடவு வழியா... கீழ போயிருச்சு. நான் உடனே வந்து நின்னுட்டேன். திரும்பி வரும், அப்ப மடக்கிரலாம்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல முடியல."

ஆக, நாலு மணி நேரத்துக்கு மேலாகச் செவலை தாழ்வயலில். தாழ்வயலுக்கு வேறு ஒரு வழிதான். அந்த வழியில் சட்டமும் இல்லை, முள்ளும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை. பின்னால் சதுப்பு.

கோல்மன் அவனை அடிக்கவில்லை. அடிக்க நேரம் இல்லை. ஒருவருக்கும் கோட்டு மாட்டத் தோன்றவில்லை. பிலோமினா காலுறையோடு ஓடினாள். மாட்டு டாக்டர் கழுத்தில் கைத்துண்டைக் கட்டியபடியே ஓடினார். நானும் ஓடினேன், கையில் கிழங்குக் கரண்டி இருந்தது எனக்கே தெரியாது.

மேட்டின் உச்சியில் ஏறியதும் முன்னால் போன கோல்மன் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டோம்.

கீழே கடவில் ஒரு கோட்டு நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு, தலை இல்லாமல். நான் சத்தியமாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. கடவுக்குள் இடமும் வலமுமாக ஒவ்வொரு குச்சியை நட்டு, கோட்டின் கைகளை அவற்றில் கோத்து விரித்திருந்தது. அதற்குப் பின்னால், கோட்டின் காலருக்கு மேலே, ஒரு சின்னத் தலை. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

அதற்கு முன்னால் ஐந்தாறு அடி தள்ளி, செவலைக் கிடாரி காலை மடக்கிப் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவ்வளவு நேரமும் அங்கே என்ன நடந்தது என்று அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பல நாள் பல சமயம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன். செவலை முதலில் ஓட்டமாகத்தான் வந்தது. சதுப்புக்கு அக்கரையில் கீனன் வீட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தன் கூட்டத்தை விட்டுப் பிரிந்த மாடு, அந்தக் கூட்டத்தோடாவது போய்ச் சேரப் பார்த்தது. டிம்ப்னா கையை விரித்தாள். கத்த வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லை. செவலை முன்னங்காலை ஊன்றிச் சறுக்கி நின்றது. அதன் மூச்சு அவள் முகத்தில் பட்டது. சத்தம் போட்டால் ஓடிப் பழகிய மாட்டுக்கு, சத்தமே போடாமல் நிற்கிற ஒன்றை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்று தரம் சுற்றிவிட்டு வந்து பார்த்தது. மூன்று தரமும் அவள் அங்கேயே இருந்தாள். கை கடுத்துப்போனதும் கோட்டைக் கழற்றினாள். வேலியிலிருந்து ஒடித்த குச்சிகளைக் கடவுச் சேற்றில் ஊன்றி, தன் கையின் வேலையைக் கோட்டிடம் கொடுத்தாள். அப்புறம் தூறல் வந்தது. கோட்டு இனி கடவின் கோட்டு, அதை எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடாது என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்தே இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கடவின் இரண்டு பக்க வேலியிலும் பிளாக்பெரி. கடவை ஒட்டி, ஒரு சின்னக் கை எட்டும் தூரம்வரை ஒரு பழம்கூட இல்லை, மழித்த மாதிரி. அதற்கு ஒரு விரற்கடை அப்பால், கொத்துக் கொத்தாகத் தொட்டால் உதிர்கிற பழம், ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே தொங்கியது.

கஹலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோல்மன் கீழே ஓட அடியெடுத்து வைத்தார். செவலை காதை நிமிர்த்திச் சடாரென்று எழுந்தது. கோட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பெரிய குரலில்லை. ஆனால் அந்த மேட்டில் நின்ற ஆறு பேருக்கும் கேட்டது.

"ஓடாதீங்க அப்பா."

அவர் நின்றார்.

"கத்தவும் கத்தாதீங்க. அதுக்குப் பிடிக்காது."

"சரி கண்ணு. கத்தல. நீ இப்ப வந்துரு. கடவ விட்டுரலாம், நான் சொல்றேன்."

"நான் வந்துட்டா அது போயிரும்." கொஞ்சம் யோசித்தாள். "மணி ஆறு ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல" என்றார் மாட்டு டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்து. "அஞ்சேகால்."

"அப்ப நான் ஓட்டிட்டு வர்றேன். நீங்க எல்லாரும் போய்க் கடவுல நில்லுங்க."

கண்ணுகளா, நான் அந்த ஊரில் எத்தனையோ தரம் மாடு ஓட்டப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் ஓட்டுவார்கள், பிள்ளைகள் கடவில் நிற்பார்கள். மாற்றி யாரும் பார்த்ததில்லை. கோல்மன் திரும்பி எங்களைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணிற்று, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? காதுல விழல? போங்க, நில்லுங்க."

ஃபின்டன் ரோட்டுக் கடவுக்குப் போனான். பிலோமினா நனைந்த காலுறையோடு சந்தின் திருப்பத்தில் நின்றாள். நான் களத்து வாசலில், கரண்டியோடு. மாட்டு டாக்டர் பட்டி வாசலுக்கு முந்தின இடுக்கில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"ஆறு வருஷம் டப்ளின்ல படிச்சேன், ஊனா" என்றார் என்னிடம், உதட்டை அசைக்காமல். "கடைசில இதுக்குத்தான்."

"கைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க டாக்டர்" என்றேன். "இடது பக்கம் ஓட்டை."

கிணற்றுக் கடவில் யார் நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. கஹல் தானே போய் நின்றான். அந்தக் கடவின் வழியாகத்தான் செவலை வெளியே வரவேண்டும், வந்து பட்டிப் பக்கம் திரும்பவேண்டும். மேல்வயல் பக்கம் திரும்பினால் எல்லாம் போச்சு. ஆகவே இந்தத் தரம் அவன் சந்துக்குக் குறுக்கே, மேல்வயல் பக்கத்தை மறித்து நிற்க வேண்டியிருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை விரித்து நின்றான்.

டிம்ப்னா கோட்டைக் குச்சிகளிலிருந்து உருவி, ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டாள். கடவை விட்டு முதல் அடி எடுத்து வைத்தாள். கோல்மன் அந்த இடத்துக்குப் போய் அவளுக்குப் பதிலாக நின்றார். அவள் கிடாரிக்கு நேர் பின்னால் போகவில்லை. சற்றுப் பக்கவாட்டில், அது தன்னைப் பார்க்கும்படி நடந்தாள். கன்றுகளுக்குப் பால் காட்டும்போது போடும் அதே சின்னச் சத்தம், உதட்டை மூடிக்கொண்டு, ம்... ம்... என்று. அவள் நின்றால் அது நின்றது. அவள் நடந்தால் அது நடந்தது. பூட்ஸ் இரண்டும் சேற்றில் களக் களக் என்றன. அந்தப் பெரிய உடம்புக்குப் பக்கத்தில் அவள் உயரம் அதன் முதுகுமட்டம்கூட இல்லை.

கிணற்றுக் கடவில் செவலை நின்றுவிட்டது. மேல்வயல் பக்கம் மூக்கைத் திருப்பியது. கஹலை மோந்து பார்த்தது. அவன் முகத்தில் அதன் எச்சில் ஒழுகியது. அவன் துடைக்கவில்லை.

"நல்லா நிக்கிற கஹல்" என்றாள் தங்கை, பின்னாலிருந்து.

செவலை தலையை ஆட்டிவிட்டுப் பட்டிப் பக்கம் திரும்பியது.

அடுத்த திருப்பத்தில் பிலோமினா. மூச்சைக்கூட விடவில்லை. அடுத்தது நான். அடுத்தது மாட்டு டாக்டர். போன தடவை மிதிபட்ட தொப்பியை நினைத்தாரோ என்னவோ, தலையை மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டார். செவலை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டிக்குள் காலெடுத்து வைத்தது. உள்ளே தன் கூட்டத்தைக் கண்டதும் அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தது. ஃபின்டன் ஓடிவந்து இரும்புச் சட்டத்தை இழுத்துக் கட்டினான்.

இருபத்தெட்டு.

ஒற்றை மாடு நிற்கும் கூண்டில் அதை ஏற்றி, மயிரைக் கத்தரித்து, மாட்டு டாக்டர் இரண்டாவது ஊசியை எடுக்கும்போது கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆறு மணிச் செபம். அவர் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றினார். ஆண்டவருக்குக் கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிலோமினா பிள்ளையைத் தூக்கித் தன் தோள் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டாள். குளிரில் பல் தந்தியடித்தது. ஆனால் முகத்தில் ஒரு களை; அந்த மாதிரிக் களையை நான் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் முகத்திலும் பார்த்ததில்லை.

"ஏன்டி தங்கம், ஓடி வந்திருக்கலாமே. யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

"கடவு காலியாயிருமேம்மா."

"பயமா இல்லையா?"

"பன்னெண்டு மணி அடிச்சப்ப நானும் செபம் சொன்னேன். கைய விரிச்சுக்கிட்டே சொன்னேன். பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றாள் பிலோமினா.

மிஞ்சியிருந்த தட்டை அடுப்பில் சூடாக்கிக் கொடுத்தோம். ஆறு உருளைக்கிழங்கு சாப்பிட்டாள், எண்ணினேன். அடுத்த பண்ணையில் காத்திருப்பார்கள் என்ற மாட்டு டாக்டர், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கஹல் தன் தட்டிலிருந்த கறியில் பெரிய துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவள் அதையும் தின்றாள்.

கோல்மன் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "உன்ன மறந்துட்டேன், டிம்ப்னா" என்றார், எல்லார் முன்னாலும். "மாட்டை எண்ணினேன், உன்ன எண்ணல. அது என் தப்பு. உனக்கு என்ன வேணும்னு கேளு. சந்தையிலிருந்து என்ன வேணாலும் வாங்கிட்டு வர்றேன்."

அவள் கடைசிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே யோசித்தாள்.

"வெள்ளிக்கிழமை டாக்டர் திரும்ப வருவாரில்ல?"

"வருவார்."

"அன்னிக்கு எனக்கு ரோட்டுக் கடவு."

ஃபின்டன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாலு வருஷமாக அது அவன் கடவு. அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். ஃபின்டன் மூக்கைச் சொறிந்தான்.

"என் தடிய வேணும்னா எடுத்துக்கோ" என்றான்.

"தடி வேண்டாம்" என்றாள் அவள். "ரெண்டு குச்சி போதும்."

வெள்ளிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. பதினோரு மணி இருக்கும், மெக்டியர்னனின் கார் ரோட்டிலிருந்து பண்ணைச் சந்துக்குத் திரும்பியது. திரும்பிய இடத்தில் நின்றது. எதிரே, ரோட்டுக் கடவின் குறுக்கே, இரண்டு குச்சிகளில் கையை விரித்துக்கொண்டு ஒரு கோட்டு. அதற்குப் பின்னால் ஒரு தலை.

அவர் ஹார்ன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். தொப்பியைக் கழற்றினார்.

"உள்ள போகலாமாம்மா?"

"எத்தனை பேர்?" என்றாள் டிம்ப்னா.

"ஒருத்தன்தான்."

அவள் காருக்குள் எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டாள். பிறகு, ஒரு பக்கத்துக் குச்சியை மட்டும் பிடுங்கி, கோட்டின் ஒரு கையை இறக்கி, அவருக்கு வழி விட்டாள்.

அன்றைக்கு இருபத்தெட்டுக் கழுத்திலும் ஒன்றுகூடத் தடித்திருக்கவில்லை.